தக்காளிச் செடியும் மீட்டு வந்த பிராணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள், ஒற்றைக் கண் பூனை ஒன்று. மூன்றுமே தெருவிலிருந்து வந்தவை. கூடவே தொட்டியிலும் தரையிலுமாகப் பன்னிரண்டு தக்காளிச் செடிகள். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்துதான் நிற்கும்: செடியில் எதைத் தெளித்தாலும் அது தரையில் சொட்டும், பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். பசியோடு அலைந்து பழகிய பிராணி எதையும் முகர்ந்து பார்த்து ஒதுக்காது. முதலில் விழுங்கிவிடும், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

தக்காளிச் செடி நாய்க்கும் பூனைக்கும் விஷமா?

நன்றாகப் பழுத்த பழம் விஷமில்லை. இலை, தண்டு, பூ, பச்சைக்காய் ஆகியவற்றில் டொமாட்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி தானே தயாரிப்பது அது. காய் பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும். நாய் ஓர் இலையைக் கடித்துத் துப்பினால் பதற வேண்டாம். இலையின் வாடையும் கசப்புமே பெரும்பாலான பிராணிகளைத் தடுத்துவிடும். கொத்தாகத் தின்றுவிட்டால்தான் எச்சில் வடிதல், வாந்தி, பேதி, சோர்வு, கண்மணி விரிதல் எல்லாம் வரும். அப்படி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டிகளிடம் கவனம் தேவை. பல் முளைக்கும் வயதில் எதையாவது மென்றுகொண்டே இருப்பார்கள். கீழே விழும் பச்சைக்காய் அவர்களுக்குப் பந்து. செடியின் அடி இலைகளை ஒரு முழ உயரம் வரை கிள்ளிவிடுங்கள், விழுந்த காயை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். அடி இலையை எடுப்பதால் மண்ணிலிருந்து தெறிக்கும் பூஞ்சை நோயும் குறையும்.

தெருவிலிருந்து எடுத்து வந்த நாயை எப்போது தோட்டத்தில் விடலாம்?

முதல் நாளே வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டி, குடற்புழு நீக்கம், தடுப்பூசி, உண்ணிப் பரிசோதனை எல்லாவற்றையும் தொடங்கிவிடுங்கள். வீட்டில் வேறு பிராணிகள் இருந்தால் இரண்டு வாரமாவது தனியே வைப்பது நல்லது. குட்டியாக இருந்தால், கடும் வாந்தியும் இரத்தப்பேதியும் வரவைக்கும் பார்வோ வைரஸ் பெரிய கவலை. அந்த வைரஸ் மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். நோயுள்ள ஒரு குட்டி தோட்டத்து மண்ணில் கழித்துவிட்டால், அடுத்து வரும் குட்டிக்கும் அங்கே ஆபத்து காத்திருக்கும்.

வந்த புதிதில் பயத்தில் கடிக்கவோ பிறாண்டவோ செய்யலாம். அப்படி நடந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பதற்றம் அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்ற எண்ணம் வரும் என்று. என் அனுபவத்தில் இது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய நாய்க்கு மூன்று மாதம் போதவில்லை. ஏழு மாதம் ஆனது. தோட்டத்துக்கு முதலில் கயிற்றோடு கூட்டிப் போங்கள். எதை முகர்கிறது, எதை வாயில் வைக்கிறது என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

செடிக்குக் குச்சி ஊன்றப் போனால் நாய் ஒடுங்கிப் படுத்துவிடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மனசு கனத்துவிடும், ஏனென்றால் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெரிய நாய் வந்து பத்து நாள் இருக்கும். செடி சாய்கிறதே என்று நான்கடி மூங்கில் குச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். சுவரோரம் படுத்திருந்தது அப்படியே வயிற்றைத் தரையோடு அழுத்தி, காதை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டது. அடி விழப்போகிறது என்று காத்திருக்கும் உடம்பு அது. காலடியில் சிறுநீர் பரவியது. நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் செய்தது இதுதான். நான்கு குச்சிகளைத் தோட்டத்துத் தரையில் படுக்க வைத்தேன். மூன்று நான்கு நாளைக்கு அவற்றைத் தொடவே இல்லை. பிறகு அவற்றுக்குச் சற்றுத் தள்ளி அதற்குப் பிடித்த தீனியை வைத்தேன், தினமும் கொஞ்சம் பக்கத்தில். அது குச்சியைத் தாண்டி வந்து தின்ன ஆரம்பித்த பிறகு, உட்கார்ந்தபடியே ஒரு குச்சியைத் தரையோடு நகர்த்தினேன். நின்றுகொண்டு தூக்கியது கடைசியில்தான். மூன்று வாரம் ஆனது. அதற்குள் இரண்டு செடி சாய்ந்து ஒடிந்தது, போகட்டும்.

அவசரமாக முட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் நாய் வீட்டுக்குள் இருக்கும்போது செய்யுங்கள். அல்லது குச்சியே வேண்டாம், மேலே ஒரு கம்பி கட்டி அதிலிருந்து கயிறு தொங்கவிட்டுத் தண்டைச் சுற்றிவிடுங்கள். தெளிப்பான் போடும் ‘உஸ்’ சத்தம், குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவது இவற்றுக்கும் இதே வழிதான். பூனையை விரட்டத் தண்ணீர் அடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அடிபட்டு வந்த பிராணிக்குச் செடியின் மேல் பயம் வராது, உங்கள் மேல்தான் வரும்.

மருந்தே அடிக்காமல் பூச்சியைக் கட்டுப்படுத்த முடியுமா?

பத்து இருபது செடி என்றால் பெரும்பாலும் முடியும். கண்ணும் கையும்தான் முதல் மருந்து. காலையில் நாயை வெளியே விடும் நேரத்தையே செடி பார்க்கும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும், பாதிக் கதை அங்கேதான் நடக்கும்.

காய்ப்புழுவை எடுத்துக்கொள்வோம். இதன் தாய் அந்துப்பூச்சி நுனி இலைகளிலும் பூவின் பக்கத்திலும் முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுவிட்டுப் போகும். சில நாளில் குஞ்சுப்புழு வெளிவந்து முதலில் இலையைச் சுரண்டும், பிறகு காயைத் துளைக்கும். தலையைக் காய்க்குள் விட்டு, பின்பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். ஒரு காயோடு நிற்காது, ஒன்றைக் கெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நிறத்தை நம்பித் தேடாதீர்கள். பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். நான் எச்சத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். இலை மேல் கறுப்பாக, ஈரமாக, மிளகை உடைத்துப் போட்டதுபோலக் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேட வேண்டும். காய்ந்து கிடந்தால் புழு இடம் மாறியிருக்கும். எடுத்த புழுவைச் சோப்புத் தண்ணீரில் போடலாம். ஓட்டை விழுந்த காயைச் செடியடியில் விடாமல் அப்புறப்படுத்துங்கள். இந்தப் புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழு ஆகும் என்பதால், பருவம் முடிந்ததும் மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுவதும் பலன் தரும்.

செண்டுமல்லியைப் பக்கத்தில் வைத்தால் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதில் முட்டையிடப் போகும். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும், அதனால் செண்டுமல்லியைப் பதினைந்து இருபது நாள் முந்தியே விதைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, செண்டுமல்லி வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினி என்றால் விரலால் துடைத்துவிட்டு, தண்ணீரை வேகமாக அடித்தால் பாதிக்கு மேல் போய்விடும். எறும்பு சாரை சாரையாகச் செடியில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கும். எறும்பைத் தடுத்தால் பொறிவண்டு தன் வேலையைப் பார்க்கும். பொறிவண்டின் குஞ்சு முதலையை மிகச் சிறிதாக்கியதுபோலக் கறுப்பும் ஆரஞ்சுமாக முள் முள்ளாக இருக்கும். அதைப் பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள். சிவப்புச் சிலந்தி என்ற மிகச் சிறிய சாறுறிஞ்சி வறண்ட வெயிலில் பெருகும், அதற்கும் இலையடியில் தண்ணீர் அடிப்பதுதான் முதல் வைத்தியம்.

இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் இலைத்துளைப்பான். அந்த இலையை மட்டும் கிள்ளினால் போதும். கோடாக இல்லாமல் திட்டுத் திட்டாக இலை காய்ந்து, காய்க் காம்பின் பக்கமும் குண்டூசித் துளை இருந்தால் அது டூட்டா என்ற தென்னமெரிக்க ஊசிப்புழு. 2006இல் ஸ்பெயினிலும் 2014இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. பாதித்த இலையையும் காயையும் பையில் கட்டி அகற்றாமல் அதை அடக்க முடியாது.

காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கியிருப்பது பூச்சியே இல்லை. தண்ணீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் இல்லை என்றானால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது. அதற்கு எந்தத் தெளிப்பும் உதவாது.

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தேன், பூனை ஒட்டிக்கொண்டது!

முதலில் பூனையை விடுவிப்போம். இழுக்காதீர்கள், தோலோடு வரும். சமையல் எண்ணெயை ஒட்டிய இடத்தில் தடவிப் பொறுமையாகத் தேய்த்தால் பசை இளகும். பிறகு மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் கூடாது.

அடுத்த முறை அட்டையைச் சுற்றிப் பெரிய கண் உள்ள கம்பி வலையை உருளையாகச் சுருட்டி மாட்டுங்கள். ஈ உள்ளே போகும், பூனையும் பல்லியும் சிட்டும் தப்பிக்கும். எங்கள் பூனைக்கு ஒரு கண் இல்லாததால் தூரம் சரியாகப் பிடிபடாது, தொங்கும் எதையும் இடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் எங்களுக்கு இந்த உருளை இல்லாமல் ஆகாது.

வெள்ளை ஈ சாறு உறிஞ்சுவதைவிடப் பெரிய கெடுதல், அது இலைச்சுருள் வைரஸைக் கொண்டுவருவதுதான். நுனி இலை சிறுத்து மேல்பக்கம் சுருண்டு, செடி குட்டையாகிவிட்டால் குணப்படுத்த வழியில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். நாற்றுப் பருவத்தில் மெல்லிய வலைக்குள் வளர்த்தால் இந்த நிலைமை பெரும்பாலும் வராது.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் கரைசல் இயற்கையானதுதானே?

இயற்கையானதுதான், பூனைக்கு ஆபத்தானதும்கூட. பூண்டும் வெங்காயமும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும், பூனைக்கு நாயைவிடக் குறைந்த அளவே போதும். உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்போதுதான் தெரியவரும். இலையில் தெளித்த நீர்த்த கரைசலைவிட, வடிகட்டி மூலையில் கொட்டிய சக்கைதான் எனக்குப் பயம். நாய் அதைத்தான் தேடிப் போகும். மிளகாய் வேறு பாதத்திலும் கண்ணிலும் எரியும். பிராணி இருக்கும் வீட்டில் இந்தக் கரைசலே வேண்டாம் என்பது என் முடிவு.

அப்படியானால் எதைத்தான் தெளிப்பது?

கையால் எடுத்தும் அடங்கவில்லை என்றால் மூன்று படி. முதலில் மிதமான திரவச் சோப்பு, லிட்டருக்கு 5 மில்லி. அசுவினி, வெள்ளை ஈ, சிவப்புச் சிலந்தி இவற்றின் உடம்பில் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். இரண்டாவது வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கலப்பதற்குக் கொஞ்சம் சோப்பு. வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள், இல்லையென்றால் இலை கருகும். காயும் வரை பிராணிகளை உள்ளே வைத்திருங்கள். நீர்க்காத வேப்பெண்ணெயைப் பூனையின் மேல் தடவவே கூடாது. நக்கி நக்கி உள்ளே போய் எச்சில் ஒழுகும், நடுக்கம் வரும்.

மூன்றாவது, பி.டி. என்று சொல்லப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா. புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் இதன் நச்சு செயல்படும், நாய் பூனையின் வயிற்றில் அப்படி ஆகாது. புழு சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலமாகத் தெளிக்க வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும். புழு காய்க்குள் புகுந்துவிட்டால் பயனில்லை.

புண்ணாக்கு உரம் போடலாமா?

ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டாம், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகும் அது சக்கையில்தான் தங்கும். நன்றாகச் சூடாக்கினால் அழியும், ஆனால் மூட்டையைப் பார்த்து அது எப்படித் தயாரானது என்று நமக்குச் சொல்லத் தெரியாது. வாசனைக்கு மயங்கி நாய் மண்ணோடு சேர்த்து அள்ளித் தின்னும். எலும்புத் தூள், மீன் உரம் சேர்ந்த கலவை என்றால் கேட்கவே வேண்டாம்.

‘இயற்கை உரம்’ என்று மட்டும் எழுதியிருந்த ஒரு மூட்டையை நான் வாங்கினேன். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்கவில்லை. சின்ன நாய் இரவில் இரண்டு தொட்டியைத் தோண்டித் தின்றுவிட்டது. விடியற்காலையில் வாந்தி, பிறகு இரத்தப்பேதி. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தது. அன்றிலிருந்து மட்கிய தொழுவுரமும் மண்புழு உரமும்தான். அதன்மேலும் இரண்டங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு. கொக்கோ தோல் மூடாக்கு வேண்டாம், சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத பொருள் அதிலும் உண்டு.

நத்தை மருந்து, எலி மருந்து?

இரண்டும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. மெட்டால்டிஹைடு நத்தைக் குருணை நாய்த் தீனி போலவே இருக்கும். தின்ற சில மணி நேரத்துக்குள் நடுக்கம், வலிப்பு, உடல் கொதிப்பு. பிரிட்டனில் 2022 முதல் வெளியில் பயன்படுத்தத் தடை செய்துவிட்டார்கள். நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிவிடலாம், ஈரச் சாக்கைப் போட்டுவைத்துக் காலையில் புரட்டிப் பார்த்தாலும் கிடைக்கும்.

எலி மருந்தில் இரத்தம் உறையாமல் செய்யும் வகை இன்னும் வஞ்சகமானது. மூன்று முதல் ஐந்து நாள் வரை நாய் நன்றாகவே விளையாடும், அப்புறம்தான் உள்ளே கசிய ஆரம்பிக்கும். வைட்டமின் கே1 தந்து காப்பாற்ற முடியும், நேரத்தோடு போனால். மருந்து தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான். கூண்டு வையுங்கள்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் போடலாமா?

கூடவே கூடாது. நாய்களுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலால் முடியாது. நடுக்கத்தில் தொடங்கி வலிப்பில் போய் முடியும். தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவி, துடைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேரே கிளம்புங்கள். முயல் இருந்தால் அதற்கு ஃபிப்ரோனில் உள்ள உண்ணி மருந்தும் ஆகாது. தோட்டத்துப் பூச்சிமருந்துகளிலும் பெர்மெத்ரினும் அதன் சொந்தங்களும் உண்டு, டப்பாவில் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. குடற்புழு மாத்திரையையும் ‘பூச்சி மருந்து’ என்கிறோம், செடிக்கு அடிப்பதையும் ‘பூச்சி மருந்து’ என்கிறோம். வீட்டில் பெரியவர்களிடம் “நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பெயர் சொல்லி, கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பூனை தக்காளித் தொட்டியையே கழிப்பிடமாக்கிவிட்டது.

உலர்ந்து பொலபொலவென்று இருக்கும் மண் என்றால் பூனைக்குக் கொள்ளை ஆசை. மண்ணின் மேல் கூழாங்கல் பரப்புங்கள், அல்லது கம்பி வலையைத் தண்டுக்கு இடம் விட்டுப் படுக்க வையுங்கள். தடுத்தால் மட்டும் போதாது, வேறு இடமும் தர வேண்டும். ஆளரவமில்லாத மூலையில் அகலமான மணல் தட்டு ஒன்று வைத்து, தினமும் சுத்தம் செய்யுங்கள்.

தினமும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி வரலாம். வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குப் பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அள்ளிவிட்டால் பயம் குறைவு. கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விடட்டும். மண்ணைத் தொட எல்லோரும் கையுறை போடுங்கள், பழத்தைக் கழுவித் தின்னுங்கள். நாய், பூனைக் கழிவைத் தக்காளிக்கான கம்போஸ்ட்டில் போடாதீர்கள்.

நாய் குழி தோண்டுவதை நிறுத்தவே முடியவில்லை.

நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். தெருவில் வெயிலுக்குக் குளிர்ந்த மண்ணைத் தோண்டிப் படுத்துப் பழகிய உடம்பு அது. நிழலில் நாலடிக்கு மூன்றடி இடம் ஒதுக்கி, மண்ணை ஈரமாக்கி, உள்ளே ஒரு பொம்மையைப் புதைத்து வையுங்கள். செடியடியில் செங்கல் வரிசை போதும்.

முயல், கோழி?

முயலுக்குத் தக்காளி இலை கூடாது. கோழி புழு பொறுக்கும், ஆனால் பழத்தையும் கொத்தும், நாற்றையும் பறிக்கும். செடி பெரிதாவதற்கு முன்பும், பருவம் முடிந்த பிறகும் விடலாம்.

எதையோ தின்றுவிட்டது என்று சந்தேகம். உடனே என்ன செய்வது?

வாயில் மிச்சமிருப்பதை எடுங்கள். மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். டப்பா, மூட்டை, செடியின் கிளை எது சந்தேகமோ அதைக் கையோடு எடுத்துப் போங்கள். எப்போது, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதில் கொஞ்சத்தைப் பையில் போட்டு எடுத்துப் போகலாம், அருவருப்புப் பார்க்காதீர்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகிவிடும். பாலும் முட்டையும் முறிவு மருந்து இல்லை. வலிப்பு வந்தால் வாயில் கை விடாமல், தலையில் இடிபடாமல் பார்த்துக்கொண்டு தூக்கிச் செல்லுங்கள்.

பூச்சி மிஞ்சிவிட்டது. கடைசியாக ஒரே ஒரு தடவை கடுமையான மருந்து அடித்துப் பார்க்கவா?

பிராணி தினமும் புழங்கும் இடத்தில் நான் அடிக்க மாட்டேன். செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி, வெயிலில் இரண்டு வாரம் வைத்துவிட்டு அப்புறப்படுத்துவேன். வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் நூற்புழு, அந்த மண்ணில் அடுத்து தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்கக் கூடாது. இல்லையென்றால் மண்ணைக் காயவிட்டு, தொழுவுரம் கலந்து, ஒரு பருவத்துக்குப் பயறு விதைப்பேன். போன முறை அப்படிக் காயவிட்டிருந்த இடத்தில்தான் பெரிய நாய் இப்போது மத்தியானம் தூங்குகிறது. அதனால் அடுத்த தக்காளியைச் சுவரோரத்துக்கு மாற்றிவிட்டேன்.